வெள்ளியின் ஒட்டாத அளவு

பதினைந்து அளவுகளில் ஒன்று மட்டும் அன்றைக்கும் சிறுத்திருந்தது.

அர்ஜென்டினாவில் கோர்தொபா நகருக்கு மேலே, மண்மேட்டு வானாய்வுக்கூடத்தில் வேலை இப்படித்தான். அன்செல்மோ தொலைநோக்கியில் கண்ணை வைத்து, அதற்குள் கட்டிய இரண்டு சிலந்தி நூல்களை வெள்ளிக் கிரகத்தின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் திருகி நிறுத்தி, இடைவெளியின் எண்ணைச் சொல்வான். அவன் மனைவி லெயோகாதியா எழுதுவாள். மற்றவற்றோடு ஒட்டாத எண் வந்தால் அதை அடித்துவிட்டு மீதிக்குச் சராசரி போடுவார்கள். என்றைக்கோ ஒருநாள் அடிக்கலாம். தினமும் அடித்தால்?

"உமக்குக் கண்ணு போச்சுய்யா," என்றார் தலைவர் ஹால்வெக். "நாளைக்கு உம்ம சம்சாரம் பார்க்கட்டும். பதினஞ்சும் ஒத்து வந்துச்சுன்னா நீர் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

அன்செல்மோவுக்கு முன்னால் அளவெடுத்தவர்களையும் கண் போனதென்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் மாலை தொலைநோக்கி மேடையின் படியடியில் அன்செல்மோ அவளிடம் மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளையை நீட்டினான். "நடுவுல ஒரு எண்ணைக் குறைச்சுச் சொல்லிடு. எங்கம்மாகிட்ட நீ சொல்லாத பொய்யா?"

"வாயை மூடுங்க. அந்தாளுக்குப் பாம்புக்காது."

மேலே ஏறினாள். மண்ணெண்ணெய் விளக்கின் புகையும் குவளையில் ஊறிய புதினாவின் மணமும் குளிரில் கலந்து நிற்க, கூரைக் கூண்டின் கயிறுகள் காற்றில் முனகிக்கொண்டிருக்க, மேட்டுக்குக் கீழே குடிசைகளில் நாய்கள் ஒன்றை ஒன்று கேட்டுக் குரைத்துக்கொண்டிருக்க, அவள் திருகைத் திருப்பி எண்களைச் சொன்னாள். அறுபத்திரண்டு. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. நூல்களுக்கு நடுவே வெள்ளி அசையாமல் நின்றது. பொய்யை எப்போது சொல்வது என்று மனம் தவித்தது.

நாய்கள் ஓய்ந்தன.

வெள்ளி மெலிந்தது. மேலிருந்தும் கீழிருந்தும், நிதானமாக. மேகம் இல்லை. அவள் இமைக்கவும் இல்லை.

"எண்ணு?" என்றார் ஹால்வெக்.

விரல்கள் தாமாகத் திருகின. "நாப்பது." பொய் தேவைப்படவில்லை.

கீழே எழுதிக்கொண்டிருந்த அன்செல்மோவின் பேனா நின்றது. பிறகு ஹால்வெக் சிரித்தார். "அப்ப குழாய்லதான் கோளாறு. உம்ம கண்ணு நல்லாத்தான் இருக்கு, அன்செல்மோ. வேலை உமக்கே. அந்த நாப்பதை அடிச்சிடும்."

"கேட்டியா லெயோ?" என்றான் அன்செல்மோ. "போதும், இறங்கி வா."

அவளால் முடியவில்லை. ஒளி விரிந்துகொண்டிருந்தது. மேல்நூலைத் தொட்டது. தாண்டியது. நிற்கவில்லை. நடுவில் ஒரு கறுப்பு. உருண்டையாக. இடப்பக்கம் போயிற்று. வலப்பக்கம் வந்தது. சந்தைக் கூட்டத்தில் ஆள் தேடுவதைப் போல.

நின்றது.

அவள்மேல்.

லெயோகாதியா கண்களை இறுக மூடினாள்.

மூடிய இமைக்குள் இரண்டு நூல்களும் இருந்தன. நடுவே அது திறந்திருந்தது.