நிர்மலனுக்குப் போட்ட வழி

கமரா தானாகத் திரும்புகிறது என்று பியாட்றிஸ் அன்ரி அரியாலையிலிருந்து போன் எடுத்துச் சொன்னபோது, உள்ளே எறும்பு புகுந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். மாரி தொடங்கிவிட்டால் எறும்புக்கு எங்கள் சாமான்களை விட்டால் வேறு வீடு கிடையாது. மானிப்பாயில் என் கமராக் கடையைப் பூட்டிவிட்டு, மடிக்கணினியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு மழையோடு மழையாகப் புறப்பட்டேன்.

மத்தியானம்தான். ஆனாலும் மழை இருட்டில் வீட்டுக்குள் முகம் தெரியவில்லை. கரண்ட் இருந்தும் யாரும் விளக்குப் போட்டிருக்கவில்லை. அன்ரியின் கணவர் ஹெக்டர் அங்கிள், ஞாயிற்றுக்கிழமை நினைவு ஆராதனைக்குப் பாடல்கள் தெரிவுசெய்துகொண்டிருந்தார். அவர்களுடைய ஒரே மகன் நிர்மலனுக்கான ஆராதனை. பிரான்சுக்கென்று போனவன் ஏறிய படகு நடுக்கடலில் கவிழ்ந்தது. தப்பிய ஒருவன், நிர்மலன் போனைப் பொலித்தீனில் கட்டிக் கழுத்தில் மாட்டியபடியே தண்ணீருக்குள் போனதைக் கண்டதாகச் சொன்னான். உடல் கிடைக்கவில்லை. உடலைக் காணாமல் ஆராதனை வைக்க விடமாட்டேன் என்று அன்ரி ஒரே பிடிவாதம்.

அந்தக் கமராவைச் சுவரில் பூட்டிக் கொடுத்தவன் நான். எங்கே நின்றாலும் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று போகுமுன் நிர்மலன் கேட்டான். அவனுடைய போனுக்கும் கமராவுக்கும் நடுவே, இணையத்துக்குள்ளால் ஒரு தனிவழி போட்டுக் கொடுத்தேன். சுரங்கம் மாதிரி, வெளியாள் நுழைய முடியாது. அவன் திறக்கும் சாவி அந்தப் போனுக்குள் மட்டும்தான் இருந்தது; அங்கிளின் போனுக்கு வேறொரு சாவி. எந்த வழி இப்போது திறந்திருக்கிறது, யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று வரிசையாகக் காட்டும் மென்பொருள் ஒன்று என் கணினியில் இருக்கிறது. திறந்த வழிக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும்.

அதைத் திறந்தேன். இரண்டு பெயர்கள். அங்கிளின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

நிர்மலனின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிந்தது.

"என்ன தம்பி ஜெரிசன், முகம் கறுத்துப் போச்சு?" என்றார் அன்ரி.

"ஆரோ நிர்மலன்ரை போனாலை உங்களைப் பாத்துக்கொண்டிருக்கினம், அன்ரி."

சொல்லியிருக்கவே கூடாது. அன்ரி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"உயிரோடை இருக்கிறான்! நான் சொன்னன்தானே! ஹெக்டர், அந்தப் பாட்டுப் புத்தகத்தை மூடுங்கோ!"

"ஆராவது போனைக் கண்டெடுத்திருப்பாங்கள்" என்றார் அங்கிள், தலை நிமிராமல். "எங்கையிருந்தெண்டு பார் தம்பி."

பார்த்தேன். என் கண்ணை நம்பாமல் திரும்பவும் பார்த்தேன். வழி தொடங்கும் இடத்தைக் காட்டும் இலக்கம் வெளிநாட்டினது அல்ல.

"சொல்லு தம்பி, எங்கை நிக்கிறான்?"

"இந்த வீட்டு வைஃபையிலை. இந்த வீட்டுக்குள்ளை."

அன்ரி அறையறையாக ஓடினார். "மோனை! நிர்மலன்!" என்று கூப்பிட்டபடி அலுமாரியைத் திறந்தார், கட்டிலுக்குக் கீழே குனிந்தார். ஆராதனைக்குப் பாட்டுத் தெரிவுசெய்த அங்கிளும் எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார். அன்ரி போன பக்கமெல்லாம் கமராவும் மெல்ல மெல்லத் திரும்பியது.

வீட்டுக்குள் உப்பும் பெற்றோலும் கலந்த மணம் எழுந்தது.

அன்ரி கமராவுக்கு நேரே வந்து நின்றார். "அம்மா இஞ்சைதான் நிக்கிறன். கதை ராசா."

கமராவுக்குள் தண்ணீர் சலசலத்தது.

"அம்மா."

அவன் குரல். சத்தியமாக அவன் குரல்தான்.

"குளிருது, அம்மா."

அன்ரி அழுதபடியே சிரித்தார். நான் திரையைப் பார்த்தேன். மூன்றாவதாக ஒரு வரி வந்திருந்தது. பெயர் இல்லை, பச்சைப் புள்ளி மட்டும். இரண்டு சாவிகளுக்கு மேல் நான் செய்யவே இல்லை.

இன்னொன்று.

பிறகு வரிகள் நிற்காமல் ஏறின. கமராவுக்குள்ளிருந்து வேறு வேறு குரல்கள் வந்தன. தமிழ் அல்லாத குரல்களும் இருந்தன. எல்லாம் தாயைத்தான் கூப்பிட்டன. அதில் ஒன்று சின்னக் குழந்தையின் குரல்.

"அவன் தனிய வரேல்லை அன்ரி" என்றேன். "படகிலை வந்த எல்லாரும்..."

"வரட்டும். அவையும் ஆரோ பெத்த பிள்ளையள்தானே."

கதவு சாத்தியிருந்தது. என் காலடிச் சிமெந்து நனைந்திருந்தது.

"வெட்டி விடு தம்பி" என்று அங்கிள் என் காதருகே கெஞ்சினார். "ஆண்டவரின்ரை பேராலை கேக்கிறன்."

"வெட்டாதை!" அன்ரி என் காலைக் கட்டிக்கொண்டார். "அவனுக்கு வீட்டுக்கு வர உள்ள வழி அது ஒண்டுதான்!"

குழந்தையின் குரல் மறுபடி கேட்டது. இந்தமுறை கமராவிலிருந்து அல்ல. என் தோளுக்குப் பக்கத்தில்.

எல்லா வழிகளையும் ஒன்றாக மூடும் பொத்தானை அழுத்தினேன்.

புள்ளிகள் அணைந்தன. மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. தரையில் கிடந்த அன்ரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அழவில்லை.

"கரைக்கு வந்தவங்களைத் திரும்பவும் தண்ணிக்கை தள்ளிப்போட்டாய்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்தது. அன்ரி வரவில்லை. கமராவைக் கழற்றி வந்து, இரண்டு சாவிகளையும் அழித்தேன். அதோடு முடிந்தது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நேற்றுப் பின்னேரம் கொடிகாமத்தில் ஒரு கடையில் வேலையாக நின்றபோது என் மனைவி நிமலினி போன் எடுத்தாள். வெளியே போனால் அவளைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டிலும் ஒரு கமரா பூட்டியிருக்கிறேன்.

"இஞ்சரப்பா, கமரா எனக்குப் பின்னாலையே திரும்புது. நீங்களோ பாக்கிறியள்?"

கணினியைத் திறந்தேன். பெயரில்லாத வரிகள். திரை முழுக்கப் பச்சை.

போனுக்குள், அவளுக்குப் பின்னாலிருந்து, ஒரு சின்னக் குரல் "அம்மா" என்றது. எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை.

"கேக்குதோ?" நிமலினியின் குரல் இறங்கியது. "நீங்கள்தானே?"

பொத்தானில் விரலை வைத்தேன். அன்ரியின் கண்கள் முன்னால் வந்து நின்றன. அழுத்த முடியவில்லை.

"ஓம்" என்றேன். "நான்தான்."