மூன்று மணி நாடி

மத்தியானத் தூக்கம் கலைந்து முகம் கழுவும்போதுதான் தையல்காரி அதைக் கவனித்தாள். இடது கையில், முழங்கைக்கு மேலே, சுற்றிலும் சிவந்த பட்டையாக ஒரு தடம். சட்டைக் கை இறுக்கமோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஊருக்கெல்லாம் அளவு பிசகாமல் தைக்கிறவள் தனக்கு மட்டும் இறுக்கியா தைத்துக்கொள்வாள்? கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துத் தடத்தின் அகலம் பார்த்தாள். ஐந்தேகால் அங்குலம். மறுநாளும் தூங்கி எழுந்தபோது அதே இடத்தில் அதே ஐந்தேகால்.

கணவரிடம் சொல்லவில்லை. அவருக்கு எதற்கு வீண் கவலை என்று விட்டுவிட்டாள்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பியே இருபது வருஷம் காலம் தள்ளியவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் ஒரு சீட்டில் இரண்டு கோடு இழுத்து, குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிந்து படிந்து வழி எப்படிக் குறுகுகிறது என்று வரைந்து காட்டினார். மடித்துத் தைத்த இடுப்புப் பட்டைக்குள் நூல்குப்பை சேர்ந்தால் நாடா நகராமல் மாட்டிக்கொள்ளுமே, அதுபோல என்று அவள் புரிந்துகொண்டாள். அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மாத்திரையை விடக் கூடாது, தினம் மூன்று மணிக்கு பிபி மெஷினில் அழுத்தமும் நாடியும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், ஒரு நாள்கூடக் காலியாக விடக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவரும் தவறாமல் எழுதினார். ஆனால் அவள் கண்ணெதிரே மட்டும் பார்க்கமாட்டார். நான் போட்டுவிடறேன் என்று அவள் போனால், நீ போய்ப் படு, காலையிலேருந்து மெஷினை மிதிச்சிட்டிருக்கே என்பார். இந்தக் கரிசனம்தான் அவளுக்கு உறுத்தியது. கல்யாணமான நாளிலிருந்து அவள் எப்போது படுத்தாள், எப்போது எழுந்தாள் என்று கவனித்த மனிதரா அவர்?

மாத்திரையை ஏமாற்றுகிறார் என்று சந்தேகப்பட்டு அட்டைகளை எடுத்து எண்ணினாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. நோட்டைப் புரட்டினாள். நாடி எண்பத்திரண்டு. எழுபத்தெட்டு. எழுபத்துமூன்று. அறுபத்தொன்பது. படி இறங்குகிற மாதிரி ஒழுங்காக இறங்கிக்கொண்டே வந்தது. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டருக்கு ஏகச் சந்தோஷம். அவரும் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினார், மூச்சு வாங்கவில்லை. அவள்தான் நாலாவது படியில் நின்றாள். ஊசியில் நூல் கோக்கும்போது விரல் மரத்துப்போனது. பாதம் எந்நேரமும் ஜில்லென்று கிடந்தது. அவருடைய குறட்டை நின்றுபோனதற்கு முதலில் நிம்மதிதான் பட்டாள். பிறகு ஒருநாள் விடியற்காலையில் அவர் பக்கமாகக் காதை வைத்துக் கேட்டாள். சுவர்க்கடிகாரம் கேட்டது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்டது. அவரிடமிருந்து எதுவும் கேட்கவில்லை.

அன்று அவர் வெளியே போனதும் பிபி மெஷினை எடுத்தாள். துணிப்பட்டையை விரித்து நாடா வைத்தாள். ஐந்தேகால்.

பழைய அளவுகளை மெஷின் ஞாபகம் வைத்திருக்கும் என்று நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தப் பட்டனை அழுத்தினாள். நேற்று, மூன்று மணி: எரர். மூன்று இரண்டு: எரர். மூன்று ஐந்து: எரர். மூன்று பத்து: நாடி ஐம்பத்தாறு. முந்தாநாளும் அப்படித்தான். அதற்கு முந்தின நாளும். பட்டையைத் தன் கையில் சுற்றினாள். அது உர்ரென்று இறுக்கிப் பிடித்து, மெல்ல விட்டது.

ஐம்பத்தைந்து.

மூன்று மணிக்குத் தூங்குகிறவள்போலப் படுத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக வெயில் விழுந்து தரை வெதுவெதுப்பாக இருந்தது. அடுத்த அறையில் மெஷின் உறுமியது, நின்றது. மறுபடி உறுமியது. நின்றது. மூன்றாம் முறையும் நின்றபின் காலடிச் சத்தம் வந்தது. ரப்பர் வாசனை. பட்டை அவள் கையைச் சுற்றியது, பழகின கை சுற்றுகிற மாதிரி, எங்கேயும் தடுமாறாமல்.

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரலை வைத்தாள். அழுத்தினாள். இடம் மாற்றி அழுத்தினாள். ஒன்றுமே இல்லை.

“முழிச்சிட்டியா,” என்றார். குரலில் பதற்றம் இல்லை. “ஆஸ்பத்திரிலேருந்து வந்த நாள்லேருந்தே எனக்கு எதுவும் காட்டலம்மா. சொன்னா நீ தாங்கமாட்டே.”

“அதனால என்னோடத எழுதினீங்களா?”

“நோட்டைக் காலியா விடக் கூடாதுல்ல.”

“எழுத மட்டும்தானா?”

அவர் பட்டனை அழுத்தினார்.

பட்டை இறுகியது. இன்னும் இறுகியது. கையை உதற நினைத்தாள், கை அசையவில்லை. கத்த நினைத்தாள், அதற்கு வேண்டிய மூச்சு நெஞ்சில் இல்லை. அப்போது அவள் விரல்களுக்கு அடியில், அந்த ஜில்லிட்ட மணிக்கட்டில், ஏதோ ஒன்று தட்டியது.

ஒரு தட்டு.

பிறகு இன்னொன்று.

காற்று புஸ்ஸென்று இறங்கியது. அவர் மெஷினைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எரர். அவர் கன்னத்தில் ரத்தம் ஏறிச் சிவந்திருந்தது. நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. அவளால் இமையைக்கூட மூட முடியவில்லை.

“பதறாதே,” என்றார், முதல் நாள் வண்டி பழக வந்தவர்களிடம் பேசுகிற அதே பொறுமையோடு. “இன்னொரு தடவை பார்த்துடலாம்.”

மெஷின் மறுபடி உறுமியது. அவள் விரல்கள் அவர் மணிக்கட்டின் மேலேயே கிடந்தன. அங்கே நாடி நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.