சாத்திப் பார்த்த பெட்டி

அன்று காலை, பழைய கன்டெய்னர் விற்கும் ஷார்ஷெனின் அலுவலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். அலுவலகம் என்பதும் ஒரு பழைய கன்டெய்னர்தான். பக்கச் சுவரை வெட்டி ஜன்னல் வைத்து, உள்ளே ஒரு கணப்பைப் போட்டிருந்தான். கணப்புக்குப் பக்கத்தில், இருந்த ஒரே மெத்தை நாற்காலியில், வந்தவரை உட்காரச் சொல்லத் தெரியாத ஷார்ஷென். எதிரே, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பா மேல் வெல்டர் கேனா. வாசலை ஒட்டி, டீ கொதிக்கும் சமோவாருக்குப் பின்னால், அந்த இடத்துக்குக் காவல் இருக்கும் ஸியாதா. ஜன்னலோரப் பெஞ்சில் கனிமெத். அவர் உட்காருவதற்கு முன் பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டையில் ஏறிய அழுக்கை மூன்று பேருக்கும் தெரியும்படி விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

பழைய கன்டெய்னர் வாங்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது கனிமெத்தைத்தான். ரயில்வேயில் வேகன் சோதித்துக்கொண்டிருந்தவர், அந்த வேலை போனபின் சந்தைக்கு வந்தவர். சந்தையில் கடை என்றாலே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கன்டெய்னர் பெட்டிகள். கீழே வியாபாரம், மேலே சரக்கு. அவர் பார்த்துச் சரி என்றால் சரி. சரியில்லை என்றால், விற்றவனுக்கும் ஏமாற இருந்தவனுக்கும் சேர்த்து ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டுத்தான் நகர்வார். அந்தப் பெயர் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

இந்த முறை பார்ப்பது தங்கை புர்மாவுக்காக. வசந்தத்தில் மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் அத்-பாஷியில் அவள் வீட்டைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு குழந்தைகளோடு கொழுந்தனின் ஆட்டுக்கொட்டிலில் கிடக்கிறாள். பனி விழுவதற்குள் ஒரு பெட்டி வாங்கி, உட்சுவரில் கம்பளிப் பாய் அடித்து, அடுப்பு வைத்துக் குடியேற வேண்டும். நாளை அவர்கள் ஊர்க் கம்பளி லாரி சந்தைக்கு வருகிறது. அதிலேயே வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு திரும்புவதாகத் திட்டம். கனிமெத்துக்கோ இன்று பிற்பகலே அல்மாத்தி ரயில். திரும்ப ஒரு வாரமாகும். "நல்லால்லன்னா மட்டும் எழுதுண்ணே, கடுதாசி வரலைன்னா வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"டீ குடிங்கண்ணே" என்றான் ஷார்ஷென்.

"உன் டீயக் குடிச்சா உன் பெட்டியத் திட்ட வாய் வராது. வேணாம்."

"திட்டறதுக்கு அதுல ஒண்ணும் கெடைக்காது, பாருங்க."

"பெயின்ட் அடிச்சிருக்கியே."

"லேசா."

"துருவுக்குப் பவுடர் போட்டு, பொண்ணு பாக்க வாங்கன்னு கூப்பிட்டிருக்க."

கேனா சிரித்தான். ஷார்ஷென் முறைத்ததும் டம்ளருக்குள் சிரிப்பை விழுங்கினான்.

வெளியே வந்தபோது ஸியாதா பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எதை வேணா பாருங்க. கதவ மட்டும் சாத்திப் பாக்காதீங்கண்ணே. இந்தப் பெட்டிய வாங்குனவங்க யாரும் வச்சுக்கல. கடைசியா தொப்பிக்கடை மெதெர் திருப்பிக் கொடுத்தாரு."

கனிமெத்துக்கு மெதெரின் பெயரைக் கேட்டாலே வாய் கோணும். அந்த மனிதன் கோடையில் பெட்டியை இழுத்து வந்து விட்டுவிட்டு, "உள்ள ஆள் இருக்கு" என்று மட்டும் சொன்னான். அன்றே அவனுக்கு 'ஆளோட மெதெர்' என்று பெயர் வைத்தவர் கனிமெத். அதற்கப்புறம் தொப்பி வாங்க வருகிறவர்கள் கூட, "உங்க ஆள் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசினார்கள். இலை உதிரும் முன்பே மெதெர் கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான். முதுகெலும்பில்லாத பயல் என்பது கனிமெத்தின் தீர்ப்பு.

"நீயும் அந்த ஆளப் பாத்தியா?" என்றார்.

"நான் கிட்டப் போறதில்லண்ணே."

"கிட்டப் போகாமயே பயப்படறதுக்குத்தான் உனக்குச் சம்பளமா?"

பெட்டி வேலியோரத்தில் தனியாக நின்றது. கனிமெத் தன் முறைப்படி ஆரம்பித்தார். ஏணி வைத்து மேலே ஏறிக் கூரையில் தண்ணீர் தேங்கிய தடம் தேடினார். இல்லை. மூலைத் தூண்களைச் சுத்தியலால் தட்டினார்; மணி மாதிரி ஒலித்தது. தரையில் படுத்து அடியிலிருக்கும் குறுக்கு இரும்புகளைப் பார்த்தார். துரு மேலோடு சரி, விரல் நகத்தில் உதிரவில்லை. கதவோர ரப்பரைப் பிதுக்கிப் பார்த்தார். எங்காவது தகடு வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்களா என்று சுவரை நெளிவு நெளிவாகத் தடவினார். குறை ஒன்றும் அகப்படாதது அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஷார்ஷென் மாதிரி ஒருவனிடம் இப்படி ஒரு பெட்டி இருப்பதே ஒரு மோசடி போலப் பட்டது.

பாக்கி இருந்தது வெளிச்சச் சோதனை. ஆள் உள்ளே நின்று, வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொல்ல வேண்டும். நல்ல வெயிலில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தால்கூட இருட்டில் நட்சத்திரமாகக் காட்டிக்கொடுத்துவிடும். தெரிந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட வேண்டும்.

"சாத்து" என்றார்.

கதவுகள் மூடின. பூட்டுக் கம்பி ஏறி உட்கார்ந்தது.

கண் பழகும்வரை கனிமெத் நடுவில் நின்றார். வெளியே கேனா ஏதோ சொல்வதும் ஷார்ஷென் கனைப்பதும் கம்பளிக்குள் பேசுவதுபோலக் கேட்டன. பிளைவுட் தரையிலிருந்து பழைய பிசின் வாடை வந்தது. அதன் அடியில் வேறொன்று. நனைந்த கம்பளி உடம்பிலேயே காய்ந்தால் வருமே, அந்த வாடை. ஓரிடத்தில்கூட வெளிச்சம் இல்லை. கையை முகத்தருகே கொண்டுவந்தால் கை இருப்பது தெரியவில்லை. அவ்வளவு இறுக்கமான பெட்டியை அவர் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

அப்போது எதிர்ச் சுவரில் ஒரு புள்ளி தெரிந்தது.

கனிமெத்துக்குள் ஒரு மகிழ்ச்சி குதித்தது. பக்கத்திலேயே இன்னொன்று. கூரையில் வரிசையாகச் சில. பார்க்கப் பார்க்கக் கூடிக்கொண்டே போய், மூன்று சுவரும் கூரையும் மேகமில்லாத மலை வானம்போல மினுங்கின.

"ஷார்ஷென்" என்று குரல் கொடுத்தார். "இது பெட்டி இல்லடா, சல்லடை."

பதில் இல்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருக்கும், ஒட்டட்டும். 'சல்லடை ஷார்ஷென்'. சந்தை முழுக்க ஒரே நாளில் பரவிவிடும். சுண்ணக்கட்டியை எடுத்து, புள்ளி தெரிந்த இடத்திலெல்லாம் வட்டம் போட ஆரம்பித்தார். போடப் போட ருசியாக இருந்தது.

இடது கோடி மூலையில் மட்டும் புள்ளிகள் இல்லை.

அங்கே புதுத் தகடு வைத்திருக்கிறான் என்று நினைத்தார். ஆனால் வெல்டர் வைக்கிற தகட்டுக்கு ஓரம் நேராக இருக்கும். இது மேலே உருண்டு, கொஞ்சம் ஒடுங்கி, கீழே அகன்றது. முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தால் என்ன அளவு இருக்குமோ, அந்த அளவு.

அவர் ஓர் அடி இடது பக்கம் நகர்ந்தார். தகடாக இருந்தால் எங்கே நின்று பார்த்தாலும் அதே புள்ளிகளைத்தான் மறைக்க வேண்டும்.

மறைந்திருந்த புள்ளிகள் வெளியே வந்தன. வேறு புள்ளிகள் மறைந்தன.

சுவரில் இல்லை அது. சுவருக்கு முன்னால் இருந்தது.

வெளியே கேட்டுக்கொண்டிருந்த பேச்சு எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. நனைந்த கம்பளி வாடை இப்போது கிட்டத்தில் இருந்தது. பிஸ்மில்லா என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் ஓடவில்லை. கையை அசைக்காமல் நின்றார்.

சுண்ணக்கட்டி இரும்பில் உராயும் சத்தம் கேட்டது.

அவர் கையிலிருந்தது அல்ல.

மூலையில், தாழ்வாக, மெதுவாக, ஒரு வட்டம் முடிகிற நேரத்துக்கு உராய்ந்து நின்றது.

பிறகு அந்த இருட்டு எழுந்து நின்றது. உயரம் கூடக் கூட, மேலே இருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

கனிமெத் கதவை இரண்டு கையாலும் அறைந்தார். கம்பி திறக்கிற வரை அறைந்துகொண்டே இருந்தார்.

வெயில் உள்ளே பாய்ந்தது. ஷார்ஷென் பல்லெல்லாம் தெரிய நின்றான். "என்னண்ணே, உள்ள தூங்கிட்டீங்களா? ரொம்ப நேரமா சத்தமே காணோம்."

"கூப்பிட்டேனே."

"இங்கதான நிக்கறோம்? ஒண்ணும் கேக்கலியே."

கேனா உள்ளே எட்டிப் பார்த்தான். மூன்று சுவரிலும் சுண்ண வட்டங்கள் மாவு சிந்தியதுபோல நிறைந்திருந்தன. ஒரு வட்டத்துக்குள்ளும் ஓட்டை இல்லை. வழவழவென்று பெயின்ட் அடித்த முழு இரும்பு. "யோவ், இத்தனை வட்டம் எதுக்கு? கணக்குப் பாடம் எடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, தானே உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் சாவகாசமாக வெளியே வந்தான். "ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. உள்ள தண்ணி ஊத்தி வச்சாக்கூட ஒழுகாது."

"சொன்னேன்ல" என்றான் ஷார்ஷென். "அண்ணனுக்கு வயசாயிருச்சு. கண்ணுல பூச்சி பறக்குது." சொல்லிவிட்டு, புதிதாக ஒன்று கிடைத்தவன்போலக் கனிமெத்தின் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். "இல்ல, மெதெர் பாத்த ஆளு உங்களுக்கும் சலாம் வச்சானா?"

"உன் மூஞ்சிக்கு முன்னாடி எந்த ஆளும் நிக்க மாட்டான். போடா."

ஸியாதா அருகில் வந்தாள். உதடு அசையாமல் கேட்டாள். "அந்த மூலைல, கீழ, குட்டியா ஒரு வட்டம் இருக்கே. போட்டது நீங்கதானே?"

கனிமெத் அந்த மூலைப் பக்கம் போகவே இல்லை.

"ஆமா" என்றார்.

அலுவலகத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, காகிதத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். எதையும் வரிசைப்படுத்தி எழுதுவது பள்ளிக்கூடத்திலிருந்தே அவர் வழக்கம். கூரை, நன்று. தூண்கள், நன்று. அடித்தளம், நன்று. கதவு, நன்று. அதற்குமேல் பேனா நகரவில்லை. ஓட்டை இருக்கிறது என்று எழுதலாம். எழுதினால் புர்மா தானே வந்து பார்த்து, அண்ணனுக்குக் கண் போய்விட்டது என்று சொல்லி வாங்கிக்கொண்டு போவாள். குழந்தைகளின் படுக்கையை இடது கோடி மூலையில் போடப்போவதாக அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். அங்கேதான் கதவுக் காற்று படாதாம்.

எழுதியதை அடித்துவிட்டுக் கீழே எழுதினார்: 'புர்மா, வாங்காதே. உள்ளே ஆள் இருக்கு.'

மெதெரின் அதே வார்த்தைகள். அவருடைய அழகான கையெழுத்தில் அவை இன்னும் கேவலமாகத் தெரிந்தன.

உறைக்குள் வைத்து, ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தார். அத்-பாஷிக்குக் கடிதம் கொண்டுபோவது டாக்ஸிகள்தான்; அந்த நாரின் பக்கம் டாக்ஸி ஓட்டுபவர்கள் அடுத்தவர் கடிதத்தை வெயிலில் காட்டிப் படிக்கிற கூட்டம் என்பது அவர் எண்ணம். எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பார்.

எழுத்து தெரியவில்லை. உறை முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது.

கீழே இறக்கினார். காகிதத்தில் ஒரு துளைகூட இல்லை. மறுபடி தூக்கினார். ஊசியால் குத்தியதுபோல ஒளி. இடது மூலையில் மட்டும், உருண்ட ஒரு சின்ன இருட்டு.

வேறு காகிதத்தில் அதையே எழுதி, வேறு உறையில் போட்டுப் பார்த்தார்.

அதிலும் இருந்தது.

வெளியே டாக்ஸி ஹார்ன் அடித்தது. ஓட்டுநர் நரைத்த மீசைக்காரர். புர்மாவின் தெருவுக்கு அடுத்த தெருக்காரர். ஷார்ஷெனும் கேனாவும் வண்டியில் சாய்ந்துகொண்டு அவரோடு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கடுதாசியா?" என்றார் ஓட்டுநர். "நம்ம புர்மாவுக்குத்தானே? ஒரு வார்த்தைன்னா வாயாலயே சொல்லிடறேன். எதுக்குக் காகிதம்? ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குள்ள போயிருவேன்."

ஒரு வார்த்தை போதும்தான். வாங்காதே என்றால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்கு ஒரே பதில்தான் உண்டு. அதைக் கேட்கத்தான் ஷார்ஷென் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காதை நீட்டிக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு அவங்க வந்தா வேணா நான் சொல்லட்டுமாண்ணே?" என்றாள் ஸியாதா வாசலிலிருந்து. அவள் முகத்தில் கெஞ்சல் இருந்தது.

"நீ சமோவாரப் பாரு."

கனிமெத் உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்தார். பசை கம்பளி வாடை அடித்தது. கட்டை விரலால் அழுத்தி ஓரம் ஓரமாகத் தேய்த்து ஒட்டினார்.

"எல்லாம் இதுல எழுதியிருக்கு. அவ கையிலயே குடுங்க. பசங்க தொட வேண்டாம்."

"அதுங்கதான முதல்ல ஓடி வரும்" என்று சிரித்தார் ஓட்டுநர். உறையை வாங்கி, கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கும் பலகையில் செருகினார். பாதி உறை கீழே தொங்கியது.

வண்டி திரும்பியபோது சூரியன் நேராக அதன்மேல் விழுந்தது. உறை ஒளிர்ந்தது. மூலையில் இருட்டு இல்லை. நடுவில் இருந்தது, நின்றுகொண்டு.

"என்னண்ணே, டாட்டா காட்டறீங்களா?" என்றான் ஷார்ஷென்.

வண்டியை நிறுத்தத் தூக்கியிருந்த கையைக் கனிமெத் கீழே போட்டார். வண்டி நாரின் சாலையில் ஏறியது.