மேலுதடு மட்டும் மிச்சம்

துண்டில் துடைத்த நுரையில் ஒட்டியிருந்த முடி கறுப்பாக இருந்தது.

கெர்னோட் துண்டைக் குளியலறை விளக்குக்கு அருகே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். வெள்ளை நுரையில் கசகசா தூவியதுபோல் பொடிப்பொடியாகக் கறுப்பு. அவன் தாடியோ வைக்கோல் நிறம். அதிலும் பாதி நரைத்து, மழையில் நனைந்து கிடந்த வைக்கோல். பழைய மேசை நாற்காலி வாங்கி விற்கிறவன் அவன். ஒரு ஸ்டூலைக்கூடத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தைத் தட்டிப் பார்க்காமல் விலை பேசமாட்டான். பூச்சி அரித்த காலுக்கு மெழுகு பூசிக் கொண்டுவருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவான். ஆனால் சொந்த முகத்திலிருந்து இறங்கிய சரக்கை எவன் சந்தேகப்படுவான்? சோப்பில் ஏதோ கலப்படம் என்று முடிவு கட்டி, துண்டை அலசிப் போட்டுவிட்டுக் காபி குடிக்கக் கீழே போனான்.

கத்தி, பிறந்தநாளுக்கு மனைவி ரைன்ஹில்ட் கொடுத்தது. கொம்புப் பிடிக்குள் மடங்கும் பழைய சவரக் கத்தி. வெல்வெட் பதித்த மரப்பெட்டியில் படுத்திருந்தது.

"பழைய சாமான் சந்தையில பார்த்தேன். இந்தத் தாடிக்குள்ள என்ன முகத்த ஒளிச்சு வச்சிருக்கியோ, ஒருநாளாவது காட்டேன்" என்றாள்.

அவர்கள் ஊரான சோலிங்கனில் கத்தியைச் சும்மா கொடுப்பாருமில்லை, சும்மா வாங்குவாருமில்லை. ஊரே கத்தி அடித்துச் சாப்பிட்ட ஊர். பரிசாக வந்த கத்தி, கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் இருப்பதை அறுத்துவிடும். அதனால் வாங்குகிறவர் ஒரு செப்புக் காசாவது கையில் வைத்துவிட வேண்டும். அப்போது அது வியாபாரம். வியாபாரத்தில் வந்த கத்தி தாடியோடு நின்றுகொள்ளும். கெர்னோட்டும் சட்டைப்பையைத் துழாவி ஒரு சென்ட் செப்புக் காசை எடுத்துக் கொடுத்தான்.

விருந்துக்கு வந்திருந்த பக்கத்துக்கடை ரொட்டிக்காரன் ஃபோல்க்மார் மேசையைத் தட்டிச் சிரித்தான். "பேரமே பேசாம கெர்னோட் ஒரு பொருளை வாங்கினத இன்னிக்குத்தான்டா பார்க்கிறேன்! உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உன் ரொட்டியத் தின்னுட்டு எவனுக்குடா உடம்பு சரியா இருக்கும்?"

"சரி, கேட்டுக்கோ. முதல்ல வலது கன்னம் மட்டும். அது படிஞ்சப்புறம் இடது. அப்புறம் மோவாய், கழுத்து. மேலுதடு எல்லாத்துக்கும் கடைசி. அவசரப்பட்டு மூக்க அறுத்துக்கிட்டு என் கடைக்கு வந்துடாதே, மாவுல ரத்தம் ஆகாது."

ரைன்ஹில்ட் சிரித்தபடியே காசை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

ஃபோல்க்மார் சொன்ன முறைப்படியே செய்தான். முகம் முழுக்க மெஷினால் ஒட்ட வெட்டிக்கொண்டு, வலது கன்னத்துக்கு மட்டும் கத்தி. கதவில் தொங்கும் தோல்வாரில் கத்தியின் முதுகு முன்னால் போகும்படி இழுத்து, திரும்பும்போது முதுகின் மேலேயே புரட்டித் தீட்டினான். வெந்நீர்த் துணியைக் கன்னத்தில் வைத்து, நுரை குழைத்துப் பூசி, காதோரத் தோலை இழுத்துப் பிடித்தான். புதிதாகப் பழகுகிறவனுக்கு ரத்தம் வராமல் இருக்காது. ஊரில் எவனைக் கேட்டாலும் ஒரு தழும்பைக் காட்டிக் கதை சொல்வான். கெர்னோட்டுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கை ஏற்கெனவே போய்வந்த வழிபோல இறங்கியது. காய்ந்த ரொட்டியைச் சுரண்டுகிற சத்தத்தை எதிர்பார்த்திருந்தான்; கேட்டது வேறு. யாரோ பல்லிடுக்கில் மெதுவாக மூச்சை உள்ளே இழுப்பதுபோல ஒரு சத்தம். கத்தி நின்றால் அதுவும் நிற்கும்.

வலது கன்னம் பளிங்காகியது. ஆனால் அதைத் தொட்டபோது விரலுக்குத்தான் கன்னம் தெரிந்தது. கன்னத்துக்கு விரல் தெரியவில்லை. குளிர்காலம், மரத்துப்போயிருக்கும் என்று காபிக் கோப்பையை அதில் ஒற்றிப் பார்த்தான். சூடு தெரியவில்லை. பக்கத்தில் மழிக்காத மோவாய்க்குச் சுட்டது, கன்னம் சும்மா இருந்தது.

அன்று மாலை ரைன்ஹில்ட் வந்து அதே கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டுதான் வைத்தாள். எதிரே கண்ணாடி அலமாரியில் கெர்னோட் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை. கன்னத்தில் குழி விழுந்தது.

அவனுக்குக் குழி விழுகிற கன்னமே கிடையாது.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனைவி தன்னை இப்படித் தேடி வந்து தொட்டு எத்தனை காலமாகிவிட்டது என்று அவனுக்கே ஞாபகமில்லை. வருகிற லாபத்தை வேண்டாமென்று தள்ளக் கடைக்காரனுக்குக் கை வருமா? இடது கன்னத்துக்கு இடது கையையே பழக்கினான். அதுவும் சமர்த்தாகப் படிந்தது. பிறகு மோவாய். நுரையைத் துடைத்தபோது மோவாயின் நடுவில், நகத்தால் அழுத்தியதுபோல் ஒரு பிளவு இருந்தது. தாடிக்குள் இத்தனை காலமும் இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். சொன்னானே தவிர, கண்ணாடியை முழுதாகப் பார்ப்பதை விட்டுவிட்டான். எந்த இடத்தை மழிக்கிறானோ அதை மட்டும் பார்த்தான். மறுநாள் காலை கழுத்தையும் முடித்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போனான்.

ஃபோல்க்மார் முதுகைக் காட்டி நின்றபடியே, "வாடா கத்துக்குட்டி, முகத்த இன்னிக்காவது…" என்று ஆரம்பித்துத் திரும்பினான். கையிலிருந்த தட்டு சரிந்தது. ரொட்டிகள் தரையில் உருண்டன. அவன் குனியவில்லை.

"எட்ஸார்ட்" என்றான், குரலே இல்லாமல்.

அது ரைன்ஹில்டின் முதல் கணவன் பெயர். செத்துப்போனவன். அவனுடைய படத்தைக் கெர்னோட் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் எரித்துவிட்டதாக அவள் சொல்லியிருந்தாள். அந்தச் செய்கையில் கெர்னோட்டுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அவன் எப்படிச் செத்தான்?" என்று கேட்டான்.

"கண்ணாடி முன்னாடி. மழிச்சுக்கிட்டு இருக்கும்போதே. பாதி முகத்துல நுரையோட விழுந்தான், தூக்கினது நான்தான்." ஃபோல்க்மார் கவுண்டரைப் பிடித்துக்கொண்டான். "கையிலேர்ந்து கத்திய எடுத்தவ அவ. கொம்புப் பிடி போட்ட கத்தி… இப்பத்தான் உறைக்குது. டேய்… அந்தக் காசு. அவ வச்சுக்கிட்டாளா?"

"ஏப்ரன்ல போட்டாளே."

"போட்டத நானும்தான் பார்த்தேன். வச்சுக்கிட்டாளா? போய்ப் பாரு. மீசை இருக்கிற இடத்துல மட்டும் கத்திய வைக்காதே. கேட்குதா? அத விட்டுடு!"

வீட்டில் ரைன்ஹில்ட் இல்லை. கெர்னோட் மாடிக்கு ஓடி, அந்தப் பெட்டியை முதல்தடவையாகத் தலைகீழாகக் கவிழ்த்தான். தட்டினான். உள்ளே ஏதோ ஆடியது. வெல்வெட்டின் ஓரத்தைப் பிய்த்தான். செப்புக் காசு உருண்டு வந்து அவன் காலடியில் படுத்தது.

விற்கவில்லை. திருப்பி வைத்துவிட்டாள். வேண்டுமென்றே பரிசாகக் கொடுத்திருக்கிறாள்.

குழாயில் வெந்நீர் ஓடும் சத்தம் பின்னாலிருந்து வந்தது. திரும்பினான். குளியலறை வாசலில் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் நின்றிருந்தாள், கிண்ணத்தில் பிரஷைச் சுழற்றிக்கொண்டு. சோப்பும் ஈரத்தோலும் கலந்த வாசனை.

"பார்த்துட்டியா?" என்றாள். கோபமில்லை, சமையல் ருசி கேட்கிற குரல்.

"நான் உனக்கு என்ன குறை வச்சேன்?" என்று கேட்க நினைத்தான். கேட்டான். ஆனால் காலையில் மழித்த தொண்டையிலிருந்து வந்தது ஆழமான, சோம்பலான, வேறொருவன் குரல்.

"தண்ணி சூடா இருக்கா, சிட்டு?"

அவன் அவளை ஒருநாளும் சிட்டு என்று கூப்பிட்டதில்லை.

ரைன்ஹில்டின் கண் நிறைந்தது. அந்தக் குரலைத்தான் பார்த்தாள்; அவனை அல்ல. பிறகு, ஞாபகம் வந்ததுபோல அவன் பக்கம் திரும்பினாள்.

"உன்மேல எனக்குக் கோவமே இல்ல, கெர்னோட். நல்ல மனுஷன் நீ. அதுக்காகத்தானே உன்னைத் தேர்ந்தெடுத்தேன். எலும்பும் அவன் எலும்பு மாதிரியே இருந்துச்சு." பிரஷைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினாள். "அவன் பாதியில நிறுத்திட்டான். முடிச்சுட்டா போதும்."

அப்படியானால் இத்தனை வருஷம் இந்த வீட்டில் அவன் யார்? சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தது, காய்ச்சலில் அவள் நெற்றியைத் துடைத்தது, எல்லாம் ஒரு நாற்காலியை வாங்கிப்போட்டு, உறை மாற்றும் நாள்வரை வைத்திருந்த கணக்குத்தானா?

ஓட வேண்டும்.

காலைத் திருப்பினான். கால் அவனுடையதுதான், திரும்பியது. ஆனால் வலது கை கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. எத்தனை சமர்த்தாகப் படிந்த கை! இடது கையால் அதைப் பிரிக்கப் போனான். இடது கை வலதின் மேல் போய்ப் படுத்து, தானும் சட்டத்தை இறுக்கியது. அதையும் அவன்தான் பழக்கியிருந்தான்.

கத்த வாயைத் திறந்தான். சீட்டி வந்தது. ஏதோ நிம்மதியான ராகம்.

அவள் நெருங்கினாள். இரண்டு விரலால் அவன் மூக்கு நுனியைப் பிடித்து மேலே தூக்கினாள். மேலுதட்டில் நுரை. சூடு. அதை உணர்ந்தான். மேலுதடு உணரும் கடைசிச் சூடு அதுதான் என்று தெரிந்தது.

வலது கை சட்டத்தை விட்டது. கத்தியை எடுத்தது. விரித்தது.

பல்லிடுக்கு மூச்சு, காதுக்குள்.

ஒரு இழுப்பு.

இன்னொன்று.

உதட்டில் ஒன்றுமில்லை. காற்றுமில்லை. அவள் முத்தமிட்டாள், முத்தம் எங்கோ பக்கத்து அறையில் நடப்பதுபோல இருந்தது. இரண்டு கன்னத்திலும் குழி விழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தான். பார்க்க மட்டும்தான் முடிந்தது.

ரைன்ஹில்ட் பின்னால் நகர்ந்து, வாடிக்கையாளர் தூரத்திலிருந்து சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"கண்ணு மட்டும் இன்னும் கெர்னோட்டோடதாவே இருக்கு" என்றாள்.

"தெரியும், சிட்டு" என்றது வாய். "முறைச்சுப் பார்க்கிறான்."

இடது கை நீண்டு, நெற்றித்தோலை மேலே இழுத்துப் பிடித்தது, பழக்கியது பழக்கியபடி. அவள் பிரஷை மறுபடியும் கிண்ணத்தில் முக்கினாள். கெர்னோட்டால் செய்ய முடிந்தது ஒன்றுதான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

மூடிய இமைகளின் மேல், வெதுவெதுப்பாக, நுரை வந்து உட்கார்ந்தது.