பதில் வர்றதுக்கு முன்னாடி

ஆகஸ்ட் மாசம் எங்க ஊர்ல மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாய்கூட தெருவுல நடக்காது. ஸ்பெயினுக்குத் தெக்கால, அண்டலூசியா வெயில் அப்படி. அந்த நேரத்துலதான் நானும் நியேவெஸ் அக்காவும் மடத்துக்குப் போனோம். அக்கா தோள்ல அவ கைக்குழந்தை காந்தேலா.

எங்க அம்பாரோ சித்தி அந்த மடத்துல கன்னியாஸ்திரி. உள்ள போனவங்க வெளிய வராத மடம். சித்தி இப்ப படுத்த படுக்கை. பாப்பா மொகத்த ஒரு தடவ பாக்கணும்னு சொல்லி அனுப்பியிருந்தா.

வாசல்ல சுவத்துக்குள்ள ஒரு மரப்பெட்டி, பீப்பா மாதிரி சுத்தும். ஊரே அதுலதான் பாதாம் பலகாரம் வாங்கும். காச வெச்சா உள்ள போயிட்டு பலகாரத்தோட திரும்பும், ஆள் மொகம் தெரியாது. புதுசா பொறந்த குழந்தைங்களையும் அதுல வெச்சு அனுப்பி, சிஸ்டருங்ககிட்ட முத்தம் வாங்கிட்டு வருவோம். நானே அப்படி போயிட்டு வந்தவன்தான்.

ஆனா ஒரு முறை இருக்கு. நாம "அவே மரியா, பரிசுத்த தாயே"ன்னு சொல்லணும். உள்ளருந்து "பாவமில்லாம உற்பவித்தவளே"ன்னு பதில் வரணும். அப்புறம்தான் எதையும் வைக்கணும்.

அக்கா மணி அடிச்சு சொன்னா. பதில் இல்ல.

"வாசல் சிஸ்டருக்கு காது அவ்வளவுதான்க்கா. நாளைக்கு என் கல்யாணத்துக்கு மழை வரக்கூடாதுன்னு ஊர் வழக்கப்படி மடத்துக்கு முட்டை கொண்டாந்தாலும் இப்படித்தான் நிக்க வெப்பாங்க."

"மொதல்ல உன்ன எவடா கட்டிக்குவா."

அப்போ மரம் முனகுச்சு. பெட்டி மெதுவா சுத்தி, வாயத் தொறந்து நின்னுச்சு. உள்ளருந்து ஈரச் சுண்ணாம்பும் அணைச்ச மெழுகுவத்தியும் கலந்த வாசம்.

"பாரு, ஆள் இருக்கு"ன்னு அக்கா பாப்பாவ அதுல படுக்க வெச்சா.

பெட்டி சுத்துச்சு.

உள்ள சத்தமே இல்ல. ஒரு மூச்சு, ஒரு துணி உரசல், எதுவும் இல்ல.

அப்புறம் காந்தேலா அழ ஆரம்பிச்சா.

"சிஸ்டர், பசிக்குது போல, குடுத்துடுங்க"ன்னு அக்கா சுவத்தத் தட்டுனா. பெட்டி திரும்புச்சு. பாப்பா இருந்தா. அதே சட்டை, அதே மொகம், கண்ண நல்லா தொறந்து எங்களையே பாத்துட்டு இருந்தா.

அழல.

ஆனா உள்ள அழுகை நிக்கல.

அக்கா கையில குழந்தைய வெச்சுக்கிட்டு சுவத்தப் பாத்தா. அவ சட்டை மார்ல பால் ஊறி நனைஞ்சு வந்துச்சு.

அப்பதான் உள்ள வேகமா செருப்புச் சத்தம். மூச்சு வாங்கிக்கிட்டே ஒரு கிழவிக் குரல்.

"பாவமில்லாம உற்பவித்தவளே. மன்னிச்சுக்கோங்க கண்ணு, அம்பாரோ பக்கத்துல இருந்தேன், இப்பதான் வர்றேன். குழந்தைய வைங்க."



"சிஸ்டர்," அக்கா மெதுவா கேட்டா, "உங்க பக்கம் அழுவுறது யாரு?"

"இங்க யாரும் அழலயேம்மா."

மடத்துத் தலைவி மதர் கதவத் தொறந்து அக்காவ உள்ளயே விட்டாங்க. அவ ஒவ்வொரு அறையா தேடுனா. உள்ள நின்னா அந்த அழுகை கேக்கல. எங்க பக்கம் வந்து சுவத்துல காத வெச்சாத்தான் கேக்குது. போலீஸ் வந்துச்சு, பாதர் வந்து தண்ணி தெளிச்சாரு. குழந்தைதான் உங்க கையிலயே இருக்கேன்னாங்க. டாக்டரும் நல்லா இருக்குன்னாரு. அதுக்கு மேல யார்கிட்ட போய் என்னன்னு கேக்குறது?

வீட்ல இருக்கிறது இன்னைக்கு வரைக்கும் அழுததில்ல. பால் குடிக்கும், பாக்கும். மாசக்கணக்காயும் அன்னைக்குப் போட்டிருந்த சட்டை இன்னும் அளவா இருக்கு.

அக்கா தினமும் மதியம் போய் அந்தப் பெட்டி பக்கத்துல உக்காருவா. நனைஞ்ச சட்டையோட வருவா. நான் கூட்டிட்டு வருவேன், வேற என்ன பண்ண?

நேத்து போனப்போ உள்ள அழுகை இல்ல. அக்கா என் தலையப் புடிச்சு காத சுவத்துல வெச்சா.

தரையில சின்னக் கை ரெண்டு மாறி மாறித் தட்டுற சத்தம். தப், தப், தப்.

"தவழுறாடா," அக்கா சொன்னா.

அது எங்களத் தாண்டி, உள்ள தூரமா போயிட்டே இருந்துச்சு. அந்தப் பக்கம் யாரோ நாக்க சொடுக்கி அவளக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.