எலுமிச்சை உட்காரும் ஜன்னல்

மழைக்காலம் வந்தால் நமக்கெல்லாம் தும்மல் வரும். ஆனால் தொணாவின் அம்மா ஓட்டும் பள்ளி வேனுக்குக் கண் தெரியாமல் போய்விடும்.

ஆமாம், வேனுக்குத்தான்! பிள்ளைகள் ஏறிக் கதவைச் சாத்தியதுமே முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி படிந்துவிடும். அம்மா ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டே மறு கையால் துணி போட்டுத் துடைப்பார். துடைத்த கை திரும்புவதற்குள் மறுபடி வெளுத்துவிடும். கண்ணாடிக்குக் காற்று அடிக்கும் விசிறியோ என்றைக்கோ மூச்சை நிறுத்திவிட்டது. அவ்வளவு பழைய வண்டிக்கு இப்போது பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஒருநாள் வேன், பள்ளி வாசல் தூணில் கிரீச்சென்று உரசிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் தலைமையாசிரியை குடையோடு வந்துவிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நாங்க வேற வண்டிதான் பார்க்கணும்மா. குழந்தைங்க விஷயம், தப்பா நினைக்காதீங்க" என்றார்.

"சரிங்கம்மா" என்றார் அம்மா. முன்சீட்டில் இருந்த தொணா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்நேரமும் தொணதொணவென்று கேள்வி கேட்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அன்று அவள் மனதில் ஒரே கேள்விதான். அம்மாவுக்கு அந்த வேன் என்றால் உயிர். பள்ளி வேலை போய், அதுவும் கையைவிட்டுப் போனால் அம்மா என்ன செய்வார்?

சாயங்காலம் வீட்டில் ஒரே பேச்சு.

அப்பா சலூன் வைத்திருப்பவர். "ஷேவிங் நுரையைத் தடவித் துடைச்சு விடு. என் கடைக் கண்ணாடி எப்படிப் பளபளன்னு இருக்கு, பார்த்தியா?" என்றார்.

அத்தை மாணவர் விடுதியில் சமைப்பவர். "நுரையாவது மண்ணாவது! உருளைக்கிழங்கைப் பாதியா வெட்டித் தேய்ச்சா போதும். நான் அடுப்படி ஜன்னல்ல தேய்க்காததா?"

"ஏன், சோப்புக்கு என்ன குறைச்சல்? காய்ஞ்ச சோப்பைத் தேய்ச்சு, துணியால மெருகேத்தினா முடிஞ்சுது" என்றார் அம்மா.

"இதுல எது சரி?" என்று கேட்டாள் தொணா.

"நான் சொன்னதுதான்!" என்றார்கள் மூவரும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அத்தை உருளைக்கிழங்கோடு வேனுக்குப் போய்வந்தார். அவர் வந்ததும் அப்பா நுரையோடு போனார். விடிந்ததும் அம்மா சோப்போடு போனார்.

அன்று பள்ளி விடுமுறை. பிழைத்தோம்! ஏனென்றால், வெயில் பட்டதும் முன்கண்ணாடியில் ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் பிசுபிசுப்பு, நடுவில் வானவில். அதன் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டுக்காரருக்கு மூன்று தலை தெரிந்தது.

அப்பா கண்ணாடியை மோந்து பார்த்தார். "நுரை என்னுது. இந்தக் கிழங்கு எங்கேருந்து முளைச்சுது?"

"அதை நான் கேட்கணும்! என் கிழங்கு மேல யாரு நுரையைக் கொட்டினது?" என்றார் அத்தை.

அம்மா சோப்பைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

"எல்லாத்தையும் ஒண்ணா பூசினா, எது வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?" என்று தொணா கேட்டாள். "முதல்ல எல்லாத்தையும் கழுவுவோம். அப்புறம் ஒரு கண்ணாடிக்கு ஒரு வைத்தியம்."

அப்படியே செய்தார்கள். முன்கண்ணாடிக்கு அம்மாவின் சோப்பு. இடப்பக்க ஜன்னல்களுக்கு நுரை. வலப்பக்கத்துக்கு உருளைக்கிழங்கு. வலப்பக்கக் கடைசி ஜன்னலுக்கு வரும்போது கிழங்கு தீர்ந்துபோனதால், அதை வெறுமனே விட்டுவிட்டார்கள்.

பள்ளி திறந்த அன்று கொட்டோ கொட்டென்று மழை. பாதி வழியிலேயே கிழங்கு ஜன்னலில் கோடு கோடாக ஆவி. நுரை ஜன்னலில் திட்டுத் திட்டாக ஆவி. சோப்புக் கண்ணாடி கொஞ்ச தூரம் தாங்கியது. பிறகு அதுவும் மங்கியது. அம்மா வண்டியை ஊர்ந்து போகவைத்து, எப்படியோ பள்ளியில் கொண்டுசேர்த்தார்.

இறங்கும்போது தொணா திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தலை சுற்றியது.

ஒன்றுமே பூசாத அந்தக் கடைசி ஜன்னல் மட்டும் பளிச்சென்று இருந்தது!

வீட்டில் சொன்னதும் எல்லோரும் குழம்பிப்போனார்கள்.

"அப்ப எதையுமே பூசாம விட்டுடலாம்" என்றார் அப்பா.

"முன்னாடி எதையுமே பூசாமத்தானே இருந்துது? அப்ப ஏன் வெளுத்துது?" என்றார் அத்தை.

"அப்ப அந்த ஜன்னல்ல மட்டும் என்ன இருக்கு?" என்று கேட்டாள் தொணா.

மறுநாள் தொணா முன்சீட்டை விட்டுவிட்டு அந்தக் கடைசி ஜன்னலுக்கே போனாள். அங்கே எலுமிச்சை உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வகுப்புப் பொடியன். வண்டியில் ஏறினாலே அவனுக்குக் குமட்டும். அதனால் மூக்கருகில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். எப்போது வாந்தி எடுப்பானோ என்று அவன் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள்.

"இங்க உட்காரட்டுமா?" என்றாள் தொணா.

அவன் நம்பாமல் பார்த்தான். "உங்க மேல வாந்தி எடுத்துட்டா?"

"துடைச்சுக்கிட்டாப் போச்சு."

வண்டி கிளம்பியது. ஆவி படிந்தது. ஆனால் இந்த ஜன்னலில் படியவில்லை. தொணா கண்ணாடியைத் தடவினாள். முகத்தில் சில்லென்று காற்றுப் பட்டது. ஜன்னல் ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது!

எலுமிச்சையின் முகம் வாடிவிட்டது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. மழை உள்ள வருதுன்னு திட்டுவாங்க. மூடினா எனக்கு வாந்தி வந்துரும்."

தொணா பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். வாய் ஓயாமல் கத்தும் பிள்ளைகள். குவியலாகச் சொட்டும் மழைக்கோட்டுகள். எல்லா ஜன்னலும் இறுக்க மூடியிருந்தன. அவள் அந்தக் கண்ணாடியில் 'ஹா' என்று ஊதினாள். அது இன்னும் வெளுத்தது.

"அட! இவ்வளவு பேரோட மூச்சும் ஈரமும் வெளிய போக வழியே இல்லையே! உன் ஜன்னல்லதான் வழி இருக்கு. அம்மாகிட்ட சொல்லட்டுமா? திட்டினா நான் வாங்கிக்கறேன்."

பழத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையசைத்தான் எலுமிச்சை.

அம்மா திட்டவில்லை. வண்டியை ஓரங்கட்டினார். எல்லா ஜன்னலும் ஒரு விரல் அளவு திறந்தன. ஈர மழைக்கோட்டுகள், வண்டி கழுவ வைத்திருந்த மூடிபோட்ட வாளிக்குள் போயின. நாலைந்து பேருக்குத் தோளில் சாரல் அடித்தது. அவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல முன்கண்ணாடி தெளிந்தது. சோப்பு பூசிய மெருகில் அப்புறம் மங்கவே இல்லை. அம்மா துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வண்டியை ஓட்டினார்.

பள்ளி வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார். கண்ணாடி வழியே அம்மா அவருக்கு வணக்கம் வைத்தார். அவர் தூணைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், சிரித்தபடி வழிவிட்டார்.

சாயங்காலம் வேனில் ஒரே தள்ளுமுள்ளு. கடைசி ஜன்னல்தான் எல்லோருக்கும் வேண்டுமாம்!

"இங்க இடமில்லை. ஆள் வர்றாங்க" என்றான் எலுமிச்சை.

தொணா எட்டிப் பார்த்தாள். அவன் பக்கத்து இடத்தில் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது.

"பழத்தை மோந்து பார்க்க வேணாமாடா?"

"எல்லா ஜன்னலும் திறந்திருக்கேக்கா!" என்று பழத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவளுக்கு இடம் விட்டான்.