இதற்கு மேல் புகை விடக் கூடாது

காலைச் சாப்பாட்டுக்கு முன்பே வீடுவீடாகப் போய், "இன்னும் ஏன் புகை வரவில்லை?" என்று சண்டை போடுவது அங்கயற்கண்ணியின் அரசாங்க வேலை.

செவ்வாய்க் கோளில் செங்குடி என்ற அந்தக் குடியேற்றத்தில், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால், கண்ணாடிக் கூரைக்கு வெளியே ஒரு காளவாய் இருந்தது. சுண்ணாம்புக் கல்லை அதில் கொட்டி அணு அடுப்பால் சுட்டால், கல்லுக்குள் அடைந்து கிடக்கும் கரியமிலவாயு தூசியோடு கிளம்பி வெளியேறும். கோளின் மெல்லிய காற்று கொஞ்சம் கனக்கும். கனத்த காற்று வெயிலின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூமியில் எதைச் செய்யக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களோ, அதை இங்கே தினமும் செய்யச் சொன்னார்கள். அதற்கு வளிக்கடமை என்று பெயர். ஒரு வீடு நாளொன்றுக்கு நான்கு கூடைக்குக் குறையாமல் கல் சுட வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

யாரும் ஒழுங்காகச் சுடவில்லை.

அழுத்த உடையை மாட்டிக்கொண்டு, உறைய வைக்கும் குளிரில் கூடை சுமக்க யாருக்கு ஆசை? ஒரு வீட்டில் முழங்கால் வலி. அடுத்த வீட்டில் மகளுக்குப் பரீட்சை. செவ்வாய்க்கிழமை காளவாய் பற்றவைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள் சிலர். குடியிருப்பதே செவ்வாயில்தான் என்று அங்கயற்கண்ணி சொல்லிப் பார்த்தாள். அதனால்தான் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும் என்று பதில் வந்தது.

பக்கத்து வீட்டு சுந்தரராசு எல்லோரையும் மிஞ்சியவர். அவள் வரும் நேரம் பார்த்துக் காளவாய்க்குள் ஒரு பானைப் பனிக்கட்டியைக் காய்ச்சி ஆவி விடுவார்.

"என்னண்ணே, புகை இவ்வளவு வெள்ளையா வருது?"

"நல்ல கல்லு, ஆத்தா. சுத்தமா வேகுது."

"கல்லைச் சுட்டாத் தூசியில்ல வரும்? உங்க புகைபோக்கியில பனி உறைஞ்சு தொங்குது."

சுந்தரராசு நிமிர்ந்து பார்த்தார். "அது... கல்லுக்கு வேர்த்திருக்கும்."

இதில் சிரிக்க அவளால் முடியவில்லை. பூமியின் குடியேற்றத் துறை கெடு வைத்திருந்தது. வரும் கோடையில் ஆய்வு ஆணையர் வருவார். திறந்த வெளியில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றுவார். காற்று போதிய அளவு கனத்திருந்தால் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும். இல்லையென்றால் ஊற்றிய வேகத்தில் கொதித்து ஆவியாகிவிடும். தண்ணீர் நின்றால் செங்குடி இருக்கும். நிற்காவிட்டால் எல்லோரையும் கப்பலேற்றிப் பூமிக்குத் திரும்ப அனுப்பிவிடுவார்கள்.

மற்றவர்கள் திரும்பிப் போகலாம். அவள் மகள் நறுமுகையால் முடியாது. இங்கேயே பிறந்து, இந்தக் கோளின் குறைந்த எடையில் வளர்ந்த எலும்புகள் அவளுடையவை. இருபத்திரண்டு வயதில் வாசற்படியில் குனிந்து நுழையும் உயரம், மூங்கில் போன்ற கால்கள். பனிக்கட்டி வெட்டும் வண்டியை அந்தக் குடியேற்றத்திலேயே அவளைப்போல ஓட்ட ஆளில்லை. பூமியில் இறக்கினால் இரண்டாவது அடியில் இடுப்பு முறியும், பிறகு ஆயுள் முழுக்கப் படுக்கைதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவளைப்போல இன்னும் நூறு பேராவது அங்கே இருந்தார்கள். துறையின் அறிவிப்பில் அவர்களுக்கு "தகுந்த ஏற்பாடு செய்யப்படும்" என்று ஒரு வரி இருந்தது. அது என்ன ஏற்பாடு என்று கேட்டு அங்கயற்கண்ணி எழுதிய எதற்கும் பதில் வரவில்லை.

அவள் கெஞ்சினாள், அபராதம் போட்டாள், பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிகூட வைத்தாள். கட்டுரைகள் நன்றாக இருந்தன. புகைதான் வரவில்லை.

வழி பாகற்காய் வற்றலில் இருந்து கிடைத்தது. முந்தைய கப்பலில் யாரோ தவறுதலாக மூட்டை மூட்டையாக ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பொது உணவுக்கிடங்கில் இலவசமாக வைத்தும் ஒருவரும் தொடவில்லை. கிடங்குக்காரர் அலுத்துப்போய் ஒரு பலகை எழுதி மாட்டினார்: தலைக்கு ஒரு பொட்டலம் மட்டும். அன்று மாலை வரிசை கிடங்கைச் சுற்றி இரண்டு வளைவு போனது. சுந்தரராசு ஒருமுறை வாங்கிவிட்டு, தொப்பியை மாற்றிக்கொண்டு மறுபடியும் வந்து நின்றார்.

நறுமுகை நான்கு பொட்டலங்களோடு வீட்டுக்கு வந்தாள்.

"உனக்குத்தான் பாகற்காயே ஆகாதேடி?"

"ஆகாதுதான்."

"பின்ன எதுக்கு நாலு?"

"என்னம்மா பேசுற? தலைக்கு ஒண்ணுதான் குடுக்குறாங்க. அதுல நாலு வாங்கியிருக்கேன்!"

அங்கயற்கண்ணி நான்கு பொட்டலங்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பிறகு அறைக்குள் போய்ப் புதிய சட்டம் தயாரித்தாள். அதிக நேரம் ஆகவில்லை.

மறுவாரம் குடியேற்ற மன்றத்தில் அதை அறிவித்தாள். வளிக்கடமை ஒழிந்தது. இனி அது வளியுரிமை. எண்ணில் மாற்றமில்லை. நான்கு கூடைக்குக் "குறையாமல்" என்று இருந்த இடத்தில் "மேற்படாமல்" என்று வந்தது. மொத்தப் புகைக்கு ஒரு வரம்பு. அதற்குள் வீட்டுக்கு வீடு ஒதுக்கீடு. அடுத்த மூன்று மாதத்தில் யார் எவ்வளவு புகை விடுகிறார்களோ, அதை அடிப்படையாக வைத்து நிரந்தர ஒதுக்கீடு இலவசமாகத் தரப்படும். வேண்டாதவர்கள் தங்கள் பங்கை விற்கலாம். விற்காமலும் சுடாமலும் வைத்திருந்தால் அது பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

சுந்தரராசு எழுந்தார்.

"யாரைக் கேட்டு வரம்பு வச்சே? எங்க குடும்பம் பரம்பரையாப் புகை விட்ட குடும்பம்!"

"அண்ணே, போன மாசம் நீங்க ஒரு கல்லுகூடச் சுடலை."

"அது என் இஷ்டம், ஆத்தா. சுடாம இருக்கலாம். சுடக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு?"

"தெக்குத் தெருவுக்கும் நாலு கூடை, எங்களுக்கும் நாலு கூடையா? எங்க தெருவுல வீடெல்லாம் பெருசு!" என்று ஒரு பெண் குரல் பின்னாலிருந்து வந்தது.

"வடக்குத் தெருக்காரன் தின்னது போதும்!"

நாற்காலிகள் நகர்ந்தன. அங்கயற்கண்ணி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, ஒரு கூடைகூடக் கூட்ட முடியாது என்றாள். கூட்டம் முடிவதற்குள் ஒன்று கூட்டிக் கொடுத்தாள்.

அன்று முதல் செங்குடியின் வானம் மாறியது. நிரந்தர ஒதுக்கீடு மூன்று மாதப் புகையைப் பொறுத்தது என்பதால், எல்லோரும் விடிவதற்கு முன்பே கூடையோடு கிளம்பினார்கள். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகத் தூங்கிய அண்ணன் தம்பிகள், நடுவில் ஒரு திரையைத் தொங்கவிட்டு இரண்டு குடும்பம் என்று பதிவு செய்து இரண்டு காளவாய் வாங்கினார்கள். கல்யாணப் பேச்சில் பெண் வீட்டார், "மாப்பிள்ளைக்கு எத்தனை கூடை ஒதுக்கீடு?" என்று கேட்டார்கள். குன்றுக்குப் பின்னால் திருட்டுக் காளவாய்கள் முளைத்தன. அங்கயற்கண்ணி ஒன்றை இடித்தாள். மறுநாள் அங்கே மூன்று இருந்தன.

தெருவுக்குத் தெரு சலுகை கேட்டார்கள். முதியோருக்குத் தனிச் சலுகை, புதுமணத் தம்பதிக்குத் தனிச் சலுகை. வரம்பு ஒவ்வொரு கூட்டத்திலும் ஏறியது. ஒவ்வொரு முறையும் அவள் கடைசிவரை எதிர்த்துப் பேசி, கடைசியில் தோற்றாள். அவ்வளவு திறமையாகத் தோற்றவர் அந்தக் கோளில் வேறு யாருமில்லை.

"நீ திட்டத் திட்டத்தாம்மா நல்லாப் புகையுது. இன்னிக்கு வடக்குத் தெரு கொஞ்சம் மந்தம். போய்த் திட்டிட்டு வா" என்றாள் நறுமுகை.

கோடையில் ஆய்வு ஆணையர் முனைவர் குலசேகரன் வந்து இறங்கினார். வற்றிய உடம்பு, யார் மீதோ எப்போதும் கோபமாக இருக்கும் முகம். நண்பகலில் எல்லோரும் அழுத்த உடையோடு வெளியே கூடினார்கள். அவர் ஒரு கறுப்புத் தட்டைத் தரையில் வைத்து, குடுவையைச் சாய்த்தார்.

தண்ணீர் தட்டில் விழுந்தது. விளிம்பைத் தொட்டுத் தளும்பியது. எல்லோரும் அது கொதிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

அது கொதிக்கவில்லை. சும்மா நின்றது. அதில் சூரியன் சின்னதாகத் தெரிந்தது.

தலைக்கவசங்களுக்குள் நானூறு பேர் ஒரே நேரத்தில் கத்தியதில் ஆணையரின் காது அடைத்தது. சுந்தரராசு முன்னால் ஓடிவந்து, "என் புகை! இதுல பாதி என் புகை!" என்று மார்பில் அடித்துக்கொண்டார். நறுமுகை தட்டுக்கு அருகில் உட்கார்ந்து, உறை போட்ட விரலைத் தண்ணீரில் விட்டு எடுத்தாள். விரல் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. அவள் வாழ்நாளில் கூரைக்கு வெளியே பார்த்த முதல் சொட்டு. அங்கயற்கண்ணி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே வந்து அமர்ந்ததும் குலசேகரன் கேட்டார்: "வளிக்கடமையை நீக்க உங்களுக்கு யாரம்மா அனுமதி கொடுத்தது?"

"புகை வந்துச்சா இல்லையா, சார்?"

"அது வேற விஷயம். கட்டாயக் கடமையை விற்கிற வாங்குற சரக்கா மாத்தியிருக்கீங்க. துறையோட ஒப்புதல் இல்லை. விதிமீறலால கிடைச்ச பலனைக் கணக்குல எடுத்துக்க முடியாது. செங்குடியை மூடத்தான் நான் பரிந்துரைக்கணும்."

நறுமுகை சுவரோரம் நின்றிருந்தாள். அவள் நிழல் மேசைவரை நீண்டிருந்தது. அங்கயற்கண்ணி குரலை உயர்த்தவில்லை.

"சட்டம் நான் எழுதலை, சார்."

"பின்னே?"

"நீங்க எழுதினது. பூமியில புகையைக் குறைக்கிறதுக்கு நீங்க கொண்டுவந்த காற்றுச் சட்டம். ஊர்ப் பேரையும் எண்ணையும் மட்டும் மாத்தினேன். மத்தபடி ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடலை."

குலசேகரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தச் சட்டம் வந்த பிறகு பூமியில் புகை இரண்டு மடங்கானது. அவர் பெயர் கேலிப் பேச்சானது. பிறகுதான் துறை அவரை யாரும் விரும்பாத செவ்வாய் ஆய்வுக்கு மாற்றியது. அந்த விவரமெல்லாம் அங்கயற்கண்ணிக்குத் தெரியும்.

"ஒதுக்கீட்டுக்கான அடிப்படைக் காலத்தை முன்கூட்டியே அறிவிக்கிற பிரிவு?" என்றார் மெதுவாக.

"அதுதான் சார் ரொம்ப நல்லா வேலை செஞ்சுது."

"அதிகமாப் புகை விட்டவனுக்கு அதிக ஒதுக்கீடு... இலவசமா?"

"அப்படியே வச்சேன்."

"சலுகைப் பிரிவு? அதை வச்சுத்தான் என்னை ரொம்பக் கிண்டல் பண்ணினாங்க."

"அது இல்லேன்னா இன்னிக்குத் தட்டுல தண்ணி நின்னிருக்காது, சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த முகத்திலிருந்து கோபம் விலகியது. அடியில் ஒரு சின்னப் பையனின் முகம் இருந்தது.

"அப்போ என் சட்டம் தோத்துப் போகலை" என்றார்.

"ஜெயிச்சிருச்சு, சார்."

அவர் பரபரவென்று அறிக்கையைத் திறந்தார். "மூட வேண்டும்" என்றிருந்ததை அழித்தார். செங்குடி நிரந்தரக் குடியேற்றமாக அங்கீகரிக்கப்படுகிறது என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு கடைசிப் பத்தியை, மேடையில் நிற்பவர்போல உரக்கப் படித்துக் காட்டினார்: "எனது காற்றுச் சட்டம் செவ்வாயில் முழு வெற்றி பெற்றிருப்பது ஐயமற நிரூபணமாகியுள்ளது. எனவே பூமியிலும் அது எந்த மாற்றமும் இன்றித் தொடர வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன்."

நறுமுகை முன்னால் வந்தாள். "சார், அங்க புகை குறையணும்னுதானே..."

மேசைக்கு அடியில் அங்கயற்கண்ணி மகளின் காலை ஓங்கி மிதித்தாள்.

"என்னம்மா சொன்னே?" என்று குலசேகரன் நிமிர்ந்தார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் நறுமுகை. "பேனா வேணுமான்னு கேட்டேன்."